காப்புக் கட்டிய கோபம்

எத்திராஜுவுக்குக் கோபம் வருவதை அவன் தலைத்துண்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். முதலில் இடது காது மடல் துடிக்கும். பிறகு துண்டு தலையிலிருந்து தோளுக்கு இறங்கும். அதைக் கண்டதும் அக்கம்பக்கத்தார் வெளியில் கிடக்கும் சட்டி பானைகளை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். துண்டு தரைக்கு வந்துவிட்டால் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது, கோபம் தானாகத் தணிய வேண்டும்.

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றைத் தாண்டி இருக்கிறது நாவல்குப்பம். அந்த ஊரிலிருந்து மலையடிவாரத்து ஆவாரம்பட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஆபித் பாஷாவின் தோல் ஷாப்பில் இறக்குவது எத்திராஜுவின் பிழைப்பு. தோல் பதப்பட வேண்டுமானால் பட்டைத் தண்ணீரில் ஊற வேண்டும், பட்டை வர வேண்டுமானால் எத்திராஜு வர வேண்டும். முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. லாரி எல்லாம் அந்தப் பக்கம் வரவில்லை.

அவன் கோபத்துக்குப் பெரியவர் சிறியவர் கிடையாது. குழம்பில் உப்புக் குறைந்தால் கோபம். உப்பு சரியாக இருந்தால், நேற்று ஏன் இப்படிச் செய்யவில்லை என்று கோபம். ஒரு தரம் வண்டி அச்சு கிறீச்சென்று சத்தம் போட்டதற்காகக் கோடாலியை எடுத்து அச்சையே வெட்டிவிட்டான். சத்தம் நின்றது, வண்டியும் நின்றது. பட்டையைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்கு நடந்தபோது, வழி நெடுக அச்சு செய்த ஆசாரியைத்தான் திட்டினான், தன்னைத் திட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட ஜாஸ்தி கோபம் ரயில்மேல்தான். ஆம்பூர் கேட்டை மூடிவிட்டால் வண்டிமேல் எழுந்து நின்றுகொள்வான். கூட்ஸ் வண்டி வரும். எஞ்சினில் ஆரம்பித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வசவு. சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டான், அதில் அவனுக்கு ஒரு மானம் இருந்தது. கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு இதற்குப் பழகிப்போய், எட்டிப் பார்த்துப் பச்சைக் கொடியை ஆட்டிவிட்டுப் போவார். அதற்கும் திட்டு விழும்.

அவன் பெண்டாட்டி செண்பகம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. ஒரு வீட்டில் கோபத்துக்கு ஒரு ஆள் போதும் என்று கல்யாணமான வாரத்திலேயே அவள் முடிவுகட்டிவிட்டாள். எத்திராஜு அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அதற்காக அவனைப் புகழ வேண்டியதில்லை, அவள் வாங்க வேண்டிய அடியைச் சட்டிகள் வாங்கின. குயவர் வீட்டில் செண்பகம் தலை தெரிந்தால் மணை போட்டு உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள், அத்தனை நல்ல வாடிக்கை. அவள் உடைந்த ஓடுகளைப் பெருக்கி அள்ளும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவனுக்கு ஊர்க் கூத்தில் உலக்கைவீரன் வேஷம் கட்ட வேண்டும் என்று ஆசை.

நாவல்குப்பத்து அம்மன் நல்லாத்தாள். ஊர் சொல்லும் கதை இது. பஞ்ச காலத்தில் கோட்டை ராஜா ஏரி மதகைப் பூட்டிவைத்தான். தண்ணீர் கேட்கப் போன நல்லாத்தாளைச் சபை நடுவில் தலைமயிரைப் பிடித்து இழுக்கச் செய்தான். அவன் தொடை உடையும்வரை இந்தக் கூந்தலை முடிய மாட்டேன் என்றாள் அவள். நெல் குத்திக்கொண்டிருந்த அண்ணன் சேதி கேட்டு, கையில் இருந்த உலக்கையோடு அப்படியே வந்து ராஜாவின் தொடையைப் பிளந்தான். வருஷா வருஷம் ஏரிக்கரையில் களிமண்ணால் கோட்டை ராஜாவைப் படுத்த வாக்கில் செய்து, தொடைக்குள் செந்தண்ணீர்ப் பானை ஒன்றைப் புதைத்துவைப்பார்கள். கடைசி நாள் காலையில் ஊர்ப் பெண்கள் எல்லாம் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். வேஷக்காரன் உலக்கையால் அடித்து, பானை உடைந்து, செந்தண்ணீர் தெறித்த பிறகுதான் முடிவார்கள்.

எத்தனையோ வருஷமாக உலக்கைவீரன் வேஷம் கட்டிவந்தவன் முனுரத்தினம். வெண்ணெய் மாதிரி மனுஷன், இரைந்து பேசத் தெரியாது. அவன் உலக்கையை ஓங்கினால் கோட்டை ராஜாவுக்குக் கால் அமுக்கிவிடப் போகிறான் என்று தோன்றும். போன வருஷம் மூன்று தரம் அடித்தும் பானை உடையவில்லை. கடைசியில் கூத்து வாத்தியார் சாமிநாதன் போய்க் குதிகாலால் மிதித்து உடைத்தார். அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. பழி முனுரத்தினத்தின் தலையில் விழுந்தது.

“கோவம்னா இன்னான்னு தெரிஞ்ச ஆளா பாத்து வேஷம் குடுக்கணும்” என்றார் சாமிநாதன். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் எத்திராஜுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவனுக்குத் திரை பிடிக்கும் வேலைதான். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு உலக்கைவீரன் வசனத்தை முனுரத்தினத்தைவிடச் சத்தமாகச் சொல்வான்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. உலக்கைவீரன் வேஷக்காரன் கொடியேற்றத்தன்று கையில் காப்புக் கட்டிக்கொண்டால், களத்தில் உலக்கை விழும்வரை அவனுக்குக் கோபம் வரக் கூடாது. மனுஷன்மேலும் கூடாது, மாட்டின்மேலும் கூடாது. அவன் கோபம் தங்கச்சிக்குச் சொந்தம், அதை வழியில் சில்லறையாகச் செலவழிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஒரு கடுஞ்சொல் வாயில் வந்தால் காப்பை அப்போதே அறுத்து வேறொருவன் கையில் கட்டிவிடுவார்கள். அறுபட்ட வீட்டுக்கு அதற்கப்புறம் எந்த வேஷமும் கிடையாது.

“ஒன்னால முடியுமாப்பா?” என்று கேட்டார் சாமிநாதன்.

“முடியுமான்னா இன்னா அர்த்தம்?” என்று எத்திராஜு துண்டைத் தோளுக்கு இறக்கினான். உடனே நினைவு வந்து, மறுபடி எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான். கொடியேற்றத்தன்று காப்புக் கட்டினார்கள். முறிந்தால் அடுத்த கை தன்னுடையது என்று முனுரத்தினம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

செண்பகத்துக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருந்தது. இந்த மனுஷன் கோபத்துக்கு உலகத்தில் உருப்படியாக ஒரு வேலை இல்லை, அதனால்தான் அது வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஊர் பார்க்க, மேளம் கொட்ட, ஒரு முறை அது சரியான இடத்தில் போய் இறங்கிவிட்டால் அப்புறம் அடுப்படிப் பக்கம் வராது. ஆகவே காப்பு அறுபடக் கூடாது. அவனுக்காகவும் வேண்டிக்கொண்டாள், சட்டிகளுக்காகவும் வேண்டிக்கொண்டாள்.

முதல் சங்கடம் மறுநாள் காலையிலேயே வந்தது. மாடுகள் நகரவில்லை.

எத்திராஜுவின் செவலையும் மயிலையும் கன்றுக் காலத்திலிருந்து வசவு கேட்டே வளர்ந்தவை. சாட்டை என்றால் அவற்றுக்குத் தெரியாது, அவன் வாய்தான் சாட்டை. அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்து, “வாங்கப்பா, போவலாம்” என்றான் எத்திராஜு. மாடுகள் திரும்பி அவனைப் பார்த்தன. வண்டியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதாக அவை நினைத்திருக்க வேண்டும். “நல்ல மாடு இல்ல?” என்று கெஞ்சினான். மயிலை படுத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. ஷாப்பில் பட்டை இல்லாமல் தொட்டி காய்ந்துகொண்டிருக்கும். எத்திராஜுவின் காது மடல் துடிக்க ஆரம்பித்ததைச் செண்பகம் பார்த்துவிட்டாள். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் பக்கத்தில் ஏறினாள்.

“நீ சும்மா இரு. நான் திட்றேன்” என்றாள்.

“ஒனக்குத் திட்ட வராதே.”

“மாடுதானே. வரும்.”

“ஏய் மாடு, நட” என்று ஆரம்பித்தாள். அது திட்டே இல்லை. மாடுகள் காதைக்கூட அசைக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் யோசித்தாள். உள்ளே எங்கேயோ ஒரு மூடி தானாக விலகிற்று.

“தின்றதுக்கு மட்டும் வாய் இருக்குதே, தின்னிப் பண்டாரம். வேளாவேளைக்கு வந்து குந்திக்கிறியே, இந்தச் சோறு எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா? ஒன்னக் கட்டினு அழுவறேனே, எனக்கு ஒரு நல்லது பொல்லது உண்டா? நானும் வாய மூடினு இருக்கேன் இருக்கேன்னா, மண்ணாங்கட்டி, இன்னும் எத்தினி நாளு இருக்கறது?”

மாடுகள் வால் முறுக்கிக்கொண்டு எழுந்து ஓடின. நாவல்குப்பத்து எல்லைவரை அவள் நிறுத்தவில்லை. எத்திராஜு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மாட்டுக்குச் சொன்னதில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய, கையில் காப்பு. கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் அவள் வண்டியில் போனாள்.

ஷாப்பில் பட்டை நிறுக்கும் சாமுவேல் நல்லவன்தான், ஆனால் பயந்தால்தான் நல்லவன். முன்பெல்லாம் எத்திராஜுவின் வண்டி வாசலுக்கு வருமுன் தராசைத் துடைத்து வைத்திருப்பான். காப்பு விஷயம் அவன் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. “எத்திராஜு, கொஞ்சம் ஓரமா நிறுத்து, மத்த வண்டி போவட்டும்” என்றான். மத்த வண்டி எல்லாம் போயின. பிறகு வந்த வண்டிகளும் போயின. சுண்ணாம்புக் குழி நாற்றத்தில், ஈ மொய்க்க, எத்திராஜு புன்சிரிப்போடு நின்றான். அந்தப் புன்சிரிப்பைப் பார்க்க மாடுகளுக்கே சகிக்கவில்லை.

முதலாளி ஆபித் பாஷா வெளியே வந்து பார்த்தார். “இன்னாப்பா எத்திராஜு, தபியத் சரியில்லையா? ஒன் சத்தம் கேக்காம ஷாப்பே தூங்குது. பேஜாரா இருக்குதுப்பா.”

“காப்புக் கட்டியிருக்கேன் சாயபு.”

“கட்டினா கட்டிக்கோ. இங்க தொட்டியில பட்டை இல்லாம தோல் நிக்குது. யாராவது திட்டுங்கப்பா.”

அவர் யாரைப் பார்த்துச் சொன்னாரோ, செண்பகம் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டாள். வண்டியிலிருந்து இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாமுவேலிடம் போனாள். அன்று அவள் என்ன சொன்னாள் என்பதைச் சாமுவேல் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் வழக்கத்தைவிட நேரமாக முழங்காலில் இருந்தானாம். மறுநாளிலிருந்து தராசு துடைத்து வைத்திருந்தது.

திரும்பி வரும்போது செண்பகத்துக்கு உடம்பே லேசாகிவிட்டது. இத்தனை நாள் இந்தச் சுகத்தை இந்த மனுஷன் ஒருவனே அனுபவித்திருக்கிறான் என்று நினைத்ததும் அவளுக்குப் புதிதாக ஒரு கோபம் வந்தது.

முனுரத்தினம் அப்படி ஒன்றும் கெட்டவன் இல்லை. வேஷம் போன ஏக்கம் அவனை அரித்துவிட்டது. தினமும் சாயங்காலம் எத்திராஜு வீட்டு வாசலில் வந்து வண்டி நுகத்தடியில் உட்கார்ந்துகொள்வான். செவலைக்குப் பல் போய்விட்டது என்பான். வண்டிச் சக்கரம் கோணல் என்பான். எத்திராஜு ஆமாம் என்பான். ஒரு நாள் முனுரத்தினம் நாலு பேரைக் கூடவே அழைத்துவந்தான். அவர்கள் சாட்சிக்கு.

“இவனுக்கு என்னிக்குமே கோவம் வந்ததில்லப்பா” என்றான் அவர்களைப் பார்த்து. “இத்தினி வருசமா நாமதான் கோவம்னு நெனச்சினு இருந்தோம். அது வாயு. எங்க மாமனுக்கும் இப்படித்தான் இருந்தது, ஓமத் தண்ணி குடுத்தோம், சரியாப்போச்சு.”

எத்திராஜுவின் துண்டு தோளுக்கு இறங்கிற்று. அங்கிருந்து மேலும் சரிந்தது. நாலு சாட்சிகளும் எழுந்து நின்றார்கள். துண்டு தரையைத் தொடுவதற்குள் செண்பகத்தின் கை அதைப் பிடித்துக்கொண்டது.

“வாயுவா?” என்றாள்.

பிறகு அவள் பேசியதில் முனுரத்தினத்தின் மாமன், மாமன் குடித்த ஓமத் தண்ணீர், உடையாத பானை, பெய்யாத மழை எல்லாம் வந்தன. வந்த சாட்சிகள் யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். முனுரத்தினம் ஒரு செருப்பை விட்டுவிட்டே போனான். மறுநாள் ஊரில் பேச்சு மாறிப்போயிற்று. வேஷத்தைச் செண்பகத்துக்கே கொடுத்திருக்கலாம் என்று சாமிநாதனிடமே சிலர் சொன்னார்கள்.

ஆனால் அந்த வாரத்தில் செண்பகத்துக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மறந்துபோய் உப்பே போடாமல் குழம்பு வைத்துவிட்டாள். எத்திராஜு தின்றான், கை கழுவினான், போய்ப் படுத்தான். காது மடல் துடிக்கவில்லை. மறுநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் வைத்தாள்.

“எப்படி இருக்குது?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்குதே” என்றான். முகத்தில் ஒரு சாந்தம்.

செண்பகம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடக்கிவைத்திருக்கிறானா, அல்லது அடியோடு போய்விட்டதா? அடக்கிவைத்திருந்தால் களத்தில் வரும். போயிருந்தால் ஊர் முன்னால் மானம் போய்விடும். அவளுடைய கணக்கில் இப்படி ஒரு வரவு அவள் எதிர்பார்க்காதது.

கடைசி நாள் காலை. ஏரிக்கரையில் கோட்டை ராஜா மீசையோடு மல்லாந்து கிடந்தான். சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஊர்ப் பெண்கள் கூந்தலை அவிழ்த்துப் போட்டு நின்றார்கள். செண்பகமும் நின்றாள். மிருதங்கமும் தாளமும் முழங்க, எத்திராஜு முகத்தில் சிவப்புப் பூசி, கிரீடமும் கட்டைக் காதணியும் கட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி வந்தான். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தான். ஆபித் பாஷாகூட வேடிக்கை பார்க்க வந்து தள்ளி நின்றார். நல்லாத்தாள் வேஷக்காரன் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு ராஜாவின் தலைமாட்டில் நின்று ஒப்பாரி வைத்தான்.

சாமிநாதன் பாட்டை எடுத்தார். எத்திராஜு உலக்கையை ஓங்கினான். ஓங்கியது ஓங்கினபடியே நின்றது.

சாமிநாதன் அதே அடியை மறுபடி பாடினார். உலக்கை மெல்லக் கீழே இறங்கித் தரையில் ஊன்றிக்கொண்டது. எத்திராஜு கோட்டை ராஜாவைப் பார்த்தான். செண்பகத்துக்கு அந்தப் பார்வை தெரியும். ‘வாங்கப்பா, போவலாம்’ என்று மாட்டிடம் சொன்ன அதே பார்வை. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். முனுரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து வலது கையை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டான். வெயில் பெண்களின் தலையில் காய்ந்தது.

செண்பகம் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். பெண்பிள்ளை களத்துக்குள் வரக் கூடாது என்று யாரோ சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“இந்தாய்யா” என்றாள். குரலை உயர்த்தவில்லை. மிருதங்கம் தானாக நின்றது.

“உப்பு கம்மியாச்சுன்னு சட்டிய ஒடச்ச. மழ பேஞ்சா மழயத் திட்டின, ரயிலு வந்தா ரயிலத் திட்டின. ஒன் கோவத்துல பாதி ஆம்பூர் கேட்டுல போச்சு, மீதி என் அடுப்படியில போச்சு. இன்னிக்கு ஒரு பொம்பள மயிர விரிச்சுப் போட்டுனு ஒன்ன நம்பி நிக்கிறா. அவளுக்குக் குடுக்க ஒங்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்லியா? இத்தினி வருசத்துல ஒரு பொம்பளைக்காக, ஒரே ஒரு தரம், நீ கோவப்பட்டிருக்கியா?”

எத்திராஜு அவளைப் பார்த்தான். நல்லாத்தாள் வேஷக்காரனை விட்டுவிட்டு அவளை மட்டும் பார்த்தான். அவிழ்ந்த கூந்தலில் நரை ஓடியிருந்தது. அது எப்போது ஓடியது என்று அவனுக்குத் தெரியாது. ஓடு பெருக்க அவள் குனிந்தபோதெல்லாம் அவன் விறைப்பாக எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு சிவப்புப் பூச்சில் கோடு இழுத்தது. பிறகு இடது காதுக் கட்டை ஆட ஆரம்பித்தது.

செண்பகம் சட்டென்று விலகி நின்றாள்.

உலக்கை இறங்கிய சத்தம் அக்கரைக்குக் கேட்டதாகச் சொல்கிறார்கள். பானை உடைந்தது என்று சொன்னால் போதாது, பானை இருந்ததற்கு அடையாளமே இல்லை. கோட்டை ராஜாவின் தொடை போயிற்று, இடுப்பு போயிற்று, மீசை தனியாகப் போய் விழுந்தது. செந்தண்ணீர் சாமிநாதனின் வெள்ளை வேட்டி முழுக்கத் தெறித்தது. உலக்கை நெடுக்காகப் பிளந்துகொண்டது. ஊர் ஆரவாரம் செய்தது. இப்படி ஒரு உலக்கைவீரனைப் பார்த்ததில்லை என்றார்கள். நீட்டின கையை முனுரத்தினம் மடக்கிக்கொண்டு, அவனும் சேர்ந்து கை தட்டினான்.

கோட்டை ராஜாமேல் வந்த கோபம் என்றுதான் ஊர் நினைத்தது. அவன் அடித்தது யாரை என்று செண்பகத்துக்குத் தெரியும். மண்ணாக அங்கே கிடந்தது எத்திராஜுவேதான். பெண்கள் எல்லாம் கூந்தலை முடிந்துகொண்டார்கள். அவனையே பார்த்துக்கொண்டு நின்றதால் அவளுக்கு மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று.

அன்று சாயங்காலம் காப்பை அவிழ்த்து ஏரியில் விட்டார்கள். இத்தனை நாள் அடைத்துவைத்தது எல்லாம் மறுநாள் கொட்டப் போகிறது என்று அக்கம்பக்கத்தார் விடியுமுன்பே சட்டி பானைகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார்கள். காலையில் எத்திராஜு கஞ்சியை ஒரு வாய் வைத்துப் பார்த்தான். “உப்பு கொஞ்சம் கம்மி” என்றான். துண்டு தலையிலேயே இருந்தது. எழுந்துபோய் உப்புப் பானையிலிருந்து அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

பட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். இனி நீ வர வேண்டாம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாடுகள் இப்போது அவள் குரலுக்குத்தான் நடந்தன. ஆம்பூர் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வந்தது.

எத்திராஜு பழக்கத்தில் எழுந்து நின்றான். துண்டில் கை வைத்தான், வாயைத் திறந்தான். எஞ்சின் தாண்டிப் போயிற்று. ஒரு வார்த்தையும் வரவில்லை. அவன் செண்பகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டான்.

“எனக்கு வரல. நீ சொல்லு” என்றான்.

செண்பகம் எழுந்து நின்றாள். இத்தனை நாளும் வண்டிக்குள் குறுகி உட்கார்ந்தே பார்த்த ரயில் அது. முதல் பெட்டிக்குக் கொடுத்தாள், இரண்டாவதற்குக் கொடுத்தாள். கேட்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பாதி ரயில் போனபோது அவளுக்கு வார்த்தை தீர்ந்துவிட்டது. சொன்னதைத் திரும்பச் சொல்ல அவளுக்கும் மானம் இடம் கொடுக்கவில்லை.

பின்னாலிருந்து எத்திராஜு, கூத்தில் பின்பாட்டுக்காரன் எடுத்துக்கொடுப்பதுபோல, தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னான். அவள் அதை வாங்கி ரயில்மேல் போட்டாள். அவன் இன்னொன்று சொன்னான். கடைசிப் பெட்டியில் கார்டு வழக்கம்போல் கொடியோடு எட்டிப் பார்த்தார். திட்டுவது ஒரு பெண்பிள்ளை என்று தெரிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.